மேல் மாடியாக நிற்கும் என் அட்வான்ஸ்

மே 3, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்கு மேகம் கூடியது, கலைந்தது. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது. காஸ் புக் செய்ய வேண்டும்.

கேட்டில் டு-லெட் பலகை. ஓனரம்மாவே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார், இந்த வயதில். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். நான் குடியிருக்கும் வீட்டுக்கு நானே ஆள் தேடுகிறேன். ஓனரம்மா பேசுவது பாதி கன்னடம், பாதி தமிழ்.

"அல்சூர்ல இந்த மாதிரி மனெ யாருக்கு சிக்குது உமா? மெட்ரோ நடந்து போற தூரம். ஒரே வாரத்துல போயிடும் நோடு."

போக வேண்டும். போனால்தான் எங்கள் அட்வான்ஸ் வரும். புதிதாக வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் காலி செய்கிறவருக்குத் திருப்பித் தருவது இந்த ஊரில் வழக்கம். கொஞ்சம் முன்னாலேயே தர முடியுமா என்று போன வாரம் கேட்டுப் பார்த்தேன். விரலை மேலே நீட்டினார்.

"உன் அட்வான்ஸா? அதோ, ரெண்டாவது மாடியா நிக்குது. ஒடச்சு எடுத்துக்கோ."

சிரித்தேன். வேறென்ன செய்ய.

கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். மனதுக்குள் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

அட்வான்ஸ் 2,40,000
பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பார் 28,000
கைக்கு 2,12,000
கிரெடிட் கார்டு பாக்கி 1,96,000 சொச்சம்

அடைந்துவிடும். மொத்தமும். மீதியில் வண்டிச் செலவு.

போன மாதம் கார்டுக்குக் கட்டியது ஏறக்குறையப் பத்தாயிரம். அதில் அசலில் குறைந்தது இரண்டாயிரம்கூட இல்லை.

மே 4, ஞாயிறு

வீடு பார்க்க இரண்டு கூட்டம்.

முதலில் மூன்று பையன்கள், ஐ.டி. செருப்போடு உள்ளே வந்துவிட்டார்கள். "ஆண்ட்டி, வைஃபை எந்த ரூம்ல நல்லா வரும்?" என்று மட்டும் கேட்டார்கள். சமையலறைப் பக்கம் போகவே இல்லை.

அடுத்து ஒரு கணவன், மனைவி, மனைவியின் அம்மா. அந்த அம்மாள் தண்ணீர் பற்றிக் கேட்டார். காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், மற்ற நாள் போர் தண்ணி, கொஞ்சம் உப்பு, ட்ரம்மில் பிடித்து வைக்க வேண்டும் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சொல்றோம்மா" என்று போனார்கள். அப்படிப் போகிறவர்கள் சொல்வதில்லை.

ஓனரம்மா மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறார்.

"நீ யார் பக்கம் உமா? தண்ணிக்கு ப்ராப்ளம் இல்லன்னு சொல்லக்கூடாதா?"

"கேட்டாங்கம்மா."

"கேட்டா? எனக்கும்தான் நூறு கேள்வி கேக்கறாங்க."

என் கணவர் மணிவண்ணன் (இனி ம. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) ஆள் வந்தபோதெல்லாம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடியும்.

மே 6, செவ்வாய்

ஆபீஸ். நான் வேலை பார்ப்பது சம்பளப் பிரிவில். இன்று சம்பள முன்பணம் கேட்டு நான்கு பேர். ஒருவர் மகளின் சடங்கு, ஒருவர் பைக். நான்கையும் மேலே அனுப்பினேன். ஐந்தாவதாக என் பெயரை எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். என்னைத் தாண்டித்தான் எல்லோருடைய அவசரமும் போகிறது. என்னுடையதும் அதே மேசைக்குத்தான் வர வேண்டும்.

மதியம் சாப்பிடும்போது வங்கியிலிருந்து ஒரு பெண். நல்ல குரல். தமிழில்தான்.

"வணக்கம் மேடம். உங்க பேமெண்ட் ரெக்கார்டு ரொம்ப நல்லாருக்கு. நீங்க மினிமம் கட்டிட்டே வந்தாலே போதும் மேடம், அக்கவுண்ட் நல்லா இருக்கும்."

ம.வுக்கு வேலை இல்லாத எட்டு மாதமும் வீடு கார்டில்தான் ஓடியது. மகள் தாரிணியின் பி.யு. காலேஜ் ஃபீஸ், மளிகை, ஏன், வாடகைகூட ஃபோனில் கார்டு போட்டுத்தான். மினிமம் என்று வந்த தொகையைத் தேதி தவறாமல் கட்டினோம். அதற்கு ஒரு பெருமை வேறு, ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று. ஃபிரிட்ஜ் தவணை போல, கட்டக் கட்டக் குறையும் என்று நினைத்திருந்தோம். இரண்டு பேரும் படித்தவர்கள். பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது ம.வுக்கு வேலை இருக்கிறது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

சாம்பார்ப் பொடி இன்றும் மறந்தேன்.

மே 9, வெள்ளி

நாங்கள் போகப்போகிற விவேக் நகர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வளையல் இரண்டும் அடகுக் கடையில். அந்த வட்டி பரவாயில்லை, தாங்கும். வளையல் மெதுவாக வரட்டும்.

வீடு: ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறையில் ஒரு ஆள் நிற்கலாம். வாடகை இப்போது கொடுப்பதில் பாதி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம். கீழே மெழுகுவர்த்திக் கடை. "வியாழக்கிழமை மட்டும் சர்ச் கூட்டம் இருக்கும்மா, பஸ் கிடைக்காது, ஆட்டோவும் வராது" என்று கடைக்காரம்மா முன்கூட்டியே சொன்னார். கேட்காமலே சொன்னதால் அவரைப் பிடித்துவிட்டது.

தாரிணியை அழைத்துப் போனேன். சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"எனக்கு எது?"

"ஹால்ல ஜன்னல் பக்கம்."

"அது ஹால்மா."

பிறகு பஸ்ஸில் தானாகவே சொன்னாள், "சரி விடு, ஒரு கர்ட்டன் போட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நியூஸ் மட்டும் சத்தமா வெக்காதீங்க." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 11, ஞாயிறு

மழை. யாரும் வரவில்லை. பலகை நனைந்து திரும்பிக்கொண்டது, வெறும் பின்பக்கம் தெருவைப் பார்த்தபடி.

ம.வுடன் சண்டை. காரணம் முட்டை. கடைசி இரண்டு முட்டையையும் அவர் ஆம்லெட் போட்டுவிட்டார். முட்டை இல்லை, வேறென்னவோ. இருவருக்கும் தெரியும். முட்டையைப் பற்றியே பேசி முடித்தோம்.

வீடு காலி செய்ய இருபது நாள்.

மே 14, புதன்

ஆறரைக்கு ஒரு பெண் தனியாக வந்தாள். திவ்யா. சேலம் பக்கம். கல்யாணமாகி ஐந்து மாதம், கணவன் அருணுக்கும் ஐ.டி. வேலை, இதுவரை ஒரு ஹாஸ்டல் அறை மாதிரியான வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

செருப்பை வெளியே விட்டாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். ஃபோனைத் தூக்கிப் பிடித்து அவள் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினாள்.

"அம்மா, மேடை பாரு, எவ்ளோ நீளம்! ரெண்டு பேரு நின்னு சமைக்கலாம்."

"அவரு நிப்பாராடி?" என்று ஃபோனுக்குள் இருந்து குரல். நானும் சிரித்துவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாள் வுட்டு ஒரு நாளா? எங்கூர்ல வாரத்துக்கு ஒருக்கா வருங்க்கா" என்றாள்.

தாரிணியின் அறையில் நின்று, "இது எங்க மாமனார் மாமியார் வந்தா" என்றாள். தாரிணி படித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மே 17, சனி

திவ்யாவும் அருணும் வந்தார்கள். பிடித்துவிட்டது. ஓனரம்மாவுக்கும் பிடித்துவிட்டது ("ஒள்ளெ ஜன, நல்ல மனுஷங்க. கல்யாணப் பத்திரிகை காட்டுனாங்க"). வாடகை இரண்டாயிரம் ஏற்றினார், அட்வான்ஸ் எங்களுடையதே, 2,40,000. டோக்கனாகப் பத்தாயிரம் அங்கேயே ஃபோனில் போட்டான் அருண். மீதி அடுத்த வாரம்.

ஓனரம்மா கேசரிபாத் செய்து அனுப்பினார். பலகையை அவிழ்த்தாயிற்று.

ம. ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். "ஜூன் அஞ்சாந்தேதி பில்லு வர்றப்ப சைபர்னு வரும்ல?" என்று மூன்று முறை கேட்டார். வரும் என்று மூன்று முறை சொன்னேன்.

பல மாதங்களுக்குப் பிறகு பூ வாங்கினேன். ஒரு முழம். தலையில் வைத்துக்கொள்ளாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன், ஏனோ.

மே 18, ஞாயிறு

திவ்யா டேப்போடு வந்தாள், ஜன்னல் அளக்க. கர்ட்டனை இங்கேயே விட்டுப்போகிறேன் என்றேன், புது வீட்டில் அந்த அளவு ஜன்னல் இல்லை. சந்தோஷப்பட்டாள். காபி கொடுத்தேன்.

குடித்துக்கொண்டே, "அக்கா, ஓனரம்மா அக்கவுண்ட் நம்பர் மட்டும் வாங்கித் தரீங்களா? கார்டுலதான் போடப்போறோம்" என்றாள்.

"கார்டுல எப்படி?"

"ஒரு ஆப் இருக்குதுங்க்கா. வாடகை, அட்வான்ஸ் எல்லாமே நம்ம கார்டுல எடுத்து அவங்க அக்கவுண்ட்டுக்கு அனுப்பிரும். அவருது ஒன்னு, என்னுது ஒன்னு. ரெண்டுலயும் பிரிச்சுப் போட்டா கரெக்டா வந்துரும். அப்புறம் மாசாமாசம் மினிமம் கட்டிட்டே வந்தா முடிஞ்சிருங்க்கா."

பால் பொங்கும் சத்தம் கேட்டது போல இருந்தது. உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

"வாங்கித் தரேன்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

மே 19, திங்கள்

ஆபீஸில் ஒருவருக்கு இரண்டு முறை சம்பளம் ஏற்றிவிட்டேன், நல்லவேளை அனுப்பும் முன் பார்த்தேன்.

என் கடனை அடைக்க வரும் பணம் அந்தப் பெண்ணின் கடன். மாதம் அதே நூற்றுக்கு மூன்றரை வட்டி. என் வீட்டில் குடிவருகிறாள், என் கர்ட்டன், என் கடன்.

ம.விடம் சொன்னேன். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நமக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"அதனாலதான்."

"உமா, அவங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கறாங்க. சின்ன வயசு. சமாளிச்சிப்பாங்க. சொல்லியே ஆகணும்னா பணம் கைக்கு வந்தப்புறம் சொல்லு. இப்ப சொல்லி அவங்க வேண்டாம்னு போயிட்டா, வேற ஆள் எப்ப வர்றது? அது வரைக்கும் வட்டி யாரு கட்டறது?"

எல்லாம் சரிதான். ஒரு வார்த்தையும் தப்பில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். காலர் மடங்கியே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை.

மே 21, புதன்

மேகமூட்டம், காற்று நன்றாக இருந்தது.

நேற்று முழுக்கச் சொல்லவில்லை. ஓனரம்மாவின் அக்கவுண்ட் நம்பர் என் ஃபோனிலேயே கிடந்தது. திவ்யா இரண்டு முறை கேட்டு அனுப்பிவிட்டாள். இன்று மாலை மெட்ரோவுக்குக் கீழே வரச் சொன்னேன். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

கார்டில் போட வேண்டாம் என்றேன். அவள் முகம் மாறியது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"ஏனுங்க்கா, வேற யாராச்சும் கூடக் குடுக்கறன்னு வந்திருக்காங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"இல்ல, நேரா சொல்லிருங்க. டோக்கன் குடுத்தாச்சு. எங்க வீட்லயும் சொல்லியாச்சு."

எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஃபோனைத் திறந்து என் கார்டு பில்லைக் காட்டினேன். முதல் பக்கம் இல்லை, இரண்டாம் பக்கம். அம்மாவுக்குக்கூடக் காட்டாததை இளநீர் வண்டிக்காரர் பார்க்க ஒரு பெண்ணிடம் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் விரலால் பெரிதாக்கிப் படித்தாள்.

"இது ஒரு மாச வட்டியா?"

"ஆமா."

"நீங்க கட்டுனது?"

"அதுக்குக் கீழ இருக்கு பாரு. பாக்கி எவ்ளோ கொறஞ்சிருக்குன்னும் பாரு."

பார்த்தாள்.

"எங்களுக்கு போனஸ் வருங்க்கா. ரெண்டே மாசத்துல..." என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள். பிறகு, "இந்த அட்வான்ஸ் வந்தாத்தான் நீங்க இத அடைக்கணுமாங்க்கா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்றீங்க?" கோபம் மாதிரித்தான் இருந்தது. இளநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். இரண்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

மே 22, வியாழன்

திவ்யாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஓனரம்மா: "அந்தப் பொண்ணு ஃபோனே எடுக்கல. நீ என்னமாவது சொன்னியா?"

சொன்னேன் என்றேன். என்ன சொன்னேன் என்பதையும்.

"சும்னே இருக்க முடியாதா உனக்கு?" என்றார். உள்ளே போய், பலகையை எடுத்துத் துடைத்து வாசலில் சாய்த்து வைத்தார். கட்டவில்லை. சாய்த்துத்தான் வைத்தார்.

ம.விடம் இன்னும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றும்போது அதன் பக்கத்தில்தான் கழற்றினார்.

மே 23, வெள்ளி

ஒன்றும் இல்லை. பாத்திரம் கட்ட ஆரம்பித்தேன். பழைய பேப்பர் போதவில்லை.

ம.விடம் சொன்னேன். "தெரியும்" என்றார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

மே 24, சனி

பதினொரு மணிக்கு அருண், திவ்யா. ஓனரம்மா வீட்டு ஹாலில் எல்லோரும். எனக்கு மட்டும் உட்கார இடம் இல்லாமல் கட்டில் ஓரத்தில்.

அருண்தான் பேசினான். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் போல. கார்டில் எடுக்கப்போவதில்லை. கையில் இருப்பதும் இரண்டு வீட்டிலும் கேட்டு வாங்கியதும் சேர்த்து, டோக்கனோடு ஒரு லட்சத்து இருபதாயிரம் இப்போதே தரலாம். மீதியை மாதம் இருபதாயிரமாக ஆறு மாதத்தில்.

ஓனரம்மா அருணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் பாதி வாங்குனா உனக்கும் பாதிதான். என்கிட்ட எக்ஸ்ட்ரா இல்ல. மேல ஏறிப் பாரு, எல்லாம் சிமெண்ட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ம. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார், முதுகு இந்தப் பக்கமாக.

கணக்குப் போட்டேன். அங்கேயே, விரலில்தான். 1,20,000 கார்டுக்குப் போனால் பாக்கி எழுபத்தாறு. அதற்கு வட்டி ஓடும், ஆனால் இவ்வளவு ஓடாது. வாடகை மிச்சத்தில் கொஞ்சம், மாதம் இவர்கள் தரும் இருபது. தீபாவளிக்கு முன் இல்லை, அதை ஒட்டி. ஜூன் ஐந்தாம் தேதி சைபர் வராது. ம. மூன்று முறை கேட்ட சைபர்.

"சரி" என்றேன்.

ஓனரம்மா பெருமூச்சு விட்டார். "பெயிண்டிங் காசு கடைசித் தவணைல பாத்துக்கலாம், போ. மாசாமாசம் என் கைக்கு வேண்டாம் பாப்பா, வந்தா எனக்குச் செலவாயிடும். நேரா இவளுக்கே போட்டுடு."

திவ்யா படியிறங்கும்போது கையைப் பிடித்தாள். "வட்டி போடுவீங்களாங்க்கா?"

"மூணாந்தேதிக்குள்ள போடலன்னா போடுவேன். எனக்கு அஞ்சாந்தேதி பில்லு."

வாசலில் நின்ற ம.வின் முதுகு குலுங்கியது. சிரிப்புதான். போய்ப் பார்த்தேன், சிரிப்புதான்.

மே 31, சனி

டெம்போ ஒரே நடை. பீரோ கதவு நசுங்கியது. கர்ட்டன், பெரிய ட்ரம், துணிக்கொடி, மூன்றும் திவ்யாவுக்கு. தாரிணி தன் அறையின் ஸ்விட்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது. விட்டுவிட்டாள்.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

விவேக் நகர். குக்கர் வெயிட் எந்த மூட்டையில் என்று தெரியவில்லை. சாதம் வடித்துத்தான்.

கார்டுக்குப் பணம் கட்டினேன். திறந்ததும் மினிமம் என்பதில்தான் புள்ளி இருந்தது, நாம் தொடாமலே. அதை மாற்றி, வேறு தொகை என்பதைத் தொட்டு, 1,20,000 அடித்தேன். சைபர்களை ம. பக்கத்தில் நின்று எண்ணினார். போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லை.

ம. கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தார். ஒரு டஜன்.

ஜூலை 3, வியாழன்

தூறல். சர்ச் கூட்டம், பஸ் திரும்பிவிட்டது, ரிச்மண்ட் ரோடு வரை நடை. ஆபீசுக்கு லேட்.

திவ்யாவின் முதல் தவணை நாள். காலை இல்லை. மதியம் இல்லை. கேட்கலாமா. எழுதி அழித்தேன், "ஞாபகப்படுத்தத்தான்" என்று. வங்கிப் பெண்ணும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். அழித்துவிட்டுச் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தேன். ஒரே வரியை மூன்று முறை. அந்த இருபது வராவிட்டால் இந்த மாதம் மறுபடி மினிமம்தான். ம. ஃபோன் செய்தார். ஒன்றும் கேட்கவில்லை, வெறுமே "சாப்ட்டியா?"

மாலை, திரும்பும் பஸ்ஸில், நின்றபடி, திவ்யாவின் மெசேஜ்.

"அக்கா இருபது அனுப்பிட்டேன் பாருங்க. மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன், ஸாரிங்க்கா. இன்னிக்குத் தண்ணி வருமா?"

"நேத்தே வந்திருக்கும். இனி நாளைக்குத்தான். ட்ரம்ம கழுவி வை."